தாடி ஓணானை ஒளித்து வைத்துப் பேண முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் அடுத்த வீட்டில் வசிக்கும் 13 வயதுப் பையன், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் தன் தாயாருடன் என் வீட்டுக்கு வந்தான். அவன் கைப்பேசியில் ஒரு படம் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவில், மணல் நிறத்தில், கழுத்தைச் சுற்றி முள்முள்ளாகத் தோல் தொங்கும் ஒரு குட்டி ஓணான். ஆங்கிலத்தில் 'பியர்டட் டிராகன்' எனப்படும் தாடி ஓணான் அது. டெலிகிராம் குழு ஒன்றில் யாரோ அதை விற்பனைக்கு அறிவித்திருந்தார்கள். "ஆன்ட்டி, நீங்கள் மெல்பர்னில் இதைப் பார்த்துக்கொண்டீர்களாமே, இது சுலபமா?" என்று அவன் கேட்டான். அவனுடைய தாயாருக்கு வேறொரு கேள்வி இருந்தது. இதை வாங்கினால் தவறாகிவிடுமா என்று அவர் கேட்டார்.

இருவருக்கும் அன்று நான் சொன்ன பதில்களை இந்தக் கடிதத்தில் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். இதே கேள்விகள் வேறு பல தமிழ்க் குடும்பங்களிலும் எழுந்திருக்கும் என்பது என் எண்ணம். காணொளிகளில் இந்த விலங்கு அவ்வளவு சாதுவாக, யார் தோளிலும் ஏறி அமர்ந்துகொள்ளும் பிராணியாகத் தெரிகிறது. அந்தக் காணொளிகள் பெரும்பாலும் அதை வளர்ப்பதற்குச் சட்டம் இடம் தரும் நாடுகளில் எடுக்கப்பட்டவை என்பதும், அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதும் பார்க்கும் பிள்ளைக்குத் தெரிவதில்லை.

முதலில் தாயாரின் கேள்வி. சிங்கப்பூரில் தாடி ஓணானைச் செல்லப்பிராணியாக வைத்திருப்பது குற்றம். பூனை, நாய், முயல், வெள்ளெலி போன்றவை அனுமதிக்கப்பட்டிருந்தாலும், ஊர்வனவற்றில் இங்கே வளர்க்க அனுமதி பெற்றவை இரண்டே: சிவப்புக்காது ஆமையும் மலாயாப் பெட்டி ஆமையும். பாம்பு, பல்லி, ஓணான், உடும்பு எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதியின்றி ஒரு விலங்கை நாட்டுக்குள் கொண்டுவருபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். தண்டனைக்கு அஞ்சித்தான் ஒரு பிள்ளை இந்த ஆசையைக் கைவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த உயிருக்கு என்ன தேவை என்று அறிந்துகொண்டால், அதன் மேல் உள்ள அன்பினாலேயே அவன் கைவிடுவான் என்று நம்பினேன்.

2023ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து ஐந்து மாதங்கள் மெல்பர்னில் என் தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். தம்பிக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. மூத்தவளுக்கு 14 வயது. அவள் உரிமம் பெற்று, 'செம்பன்' என்று பெயரிட்ட ஒரு தாடி ஓணானை வளர்த்து வந்தாள். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட சமவெளிகளே அதன் தாயகம். முழுதாக வளர்ந்தால் வாலோடு சேர்த்து அரை மீட்டருக்குச் சற்று மேலோ கீழோ இருக்கும். நன்றாகப் பேணினால் பத்தாண்டுகளுக்கும் மேல் வாழும். பள்ளி நாள்களில் காலை வேளையில் அதைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 34 ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றிய எனக்கு ஒரு சிறு பிராணியைப் பார்த்துக்கொள்வது பெரிய காரியமாக இராது என்று எண்ணியிருந்தேன். முதல் வாரத்திலேயே அந்த எண்ணம் மாறிவிட்டது.

நம் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஓணானால் அது முடியாது. அது வெயிலில் கிடந்து சூடேற்றிக்கொண்டு, போதுமான சூடு ஏறியதும் நிழலுக்கு நகர்ந்து, இப்படி இடம் மாறி மாறியே தன் உடல்வெப்பத்தைச் சீராக வைத்திருக்கிறது. ஆகையால் அதன் தொட்டி முழுவதும் ஒரே வெப்பத்தில் இருந்தால் பயனில்லை. செம்பனுடைய தொட்டி 120 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம். ஒரு முனையில் விளக்கின் கீழ் ஒரு தட்டைக்கல். அதன் மேற்பரப்பு 40 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். மறுமுனை 25 பாகை அளவில் குளிர்ந்திருக்க வேண்டும். தம்பி மகள் கையடக்க வெப்பமானி ஒன்றைக் கல்லின் மேல் நீட்டி நாள்தோறும் அளந்து ஒரு நோட்டில் எழுதுவாள். "அத்தை, காற்றுச் சூடு வேறு, கல் சூடு வேறு, கல்லைத்தான் அளக்கணும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். கல் போதிய அளவு சூடாக இல்லாத நாளில் அதற்கு உணவு கொடுக்கக் கூடாது என்பதையும் அவளிடமிருந்தே கற்றேன். உடலில் சூடு இல்லாவிட்டால் உண்டது செரிக்காமல் குடலிலேயே தங்கிவிடும்.

வெப்பம் இவ்விலங்கை எவ்வளவு தூரம் ஆள்கிறது என்பதற்கு ஒரு செய்தி. மரபணுவின்படி ஆணாகப் பிறக்க வேண்டிய குஞ்சுகள், முட்டை 32 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் இருந்தால் பெண்ணாகப் பொரிக்கின்றன. காட்டில் வாழும் தாடி ஓணான்களிடையேயும் இது நிகழ்வதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

சூடு தரும் விளக்கோடு இன்னொரு விளக்கும் வேண்டும். என் அனுபவத்தில், முதன்முறை வளர்ப்பவர்கள் தவறுவது இங்கேதான். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் 'பி' வகைக் கதிர் தோலில் பட்டால்தான் ஓணானின் உடலில் வைட்டமின் டி உருவாகும். வைட்டமின் டி இல்லாமல் உணவில் உள்ள சுண்ணாம்புச்சத்தைக் குடல் போதிய அளவு ஈர்த்துக்கொள்ளாது. சாளரத்தின் அருகே தொட்டியை வைத்தால் போதாதா என்று பலரும் நினைக்கிறார்கள். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். வெளிச்சம் வரும், சூடும் வரும், வைட்டமினை உண்டாக்கும் கதிர் மட்டும் வராது. இதற்கென்று விற்கப்படும் புற ஊதாக் குழல்விளக்கைப் பொருத்தி, நாளொன்றுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் எரியவிட வேண்டும். அந்தக் குழல்விளக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், அதன் வகையைப் பொறுத்து, மாற்றப்பட வேண்டும். அது அணைந்து போவதில்லை. கண்ணுக்குப் பழையபடியே எரிந்துகொண்டிருக்கும். கதிர் மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுவே. ஜூலை மாதக் கடைசியில் ஒரு காலை, கீரைக் கிண்ணத்தை உள்ளே வைக்கும்போது, செம்பனின் பின்காலின் விரல்கள் துடித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். சில விநாடி துடிக்கும், நிற்கும், மீண்டும் துடிக்கும். இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்துக் குறைந்த நோயாளிகளின் கைவிரல்கள் இழுத்துக்கொள்வதை மருத்துவமனையில் பல முறை பார்த்திருக்கிறேன். என் வயிற்றில் ஏதோ கலங்கியது. அன்று மாலையே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் ஊடுகதிர்ப் படம் எடுக்கும் முன்னர் எங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்: விலங்கை எங்கே வாங்கினீர்கள், என்ன வயது, என்ன உணவு, கல்லின் சூடு எவ்வளவு, புற ஊதா விளக்கு எப்போது மாற்றியது. மற்ற எல்லாவற்றுக்கும் தம்பி மகள் தன் நோட்டைப் பார்த்துப் பதில் சொன்னாள். கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டாள். குழந்தை பிறந்த பரபரப்பில் விளக்கு மாற்றும் மாதம் கடந்துபோயிருந்தது. பதினாறு மாதமாக அதே விளக்கு.

உடல் தன் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்துக் குறைந்தால் எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். இது மனிதருக்கும் ஓணானுக்கும் பொது. எடுத்துக்கொண்டே போனால் தாடை எலும்பு மிருதுவாகும், கால்கள் வளையும், முதுகு கோணும், பிறகு வலிப்பு வரும். செம்பனுக்குத் தாடை இன்னும் கெட்டியாக இருந்தது. முன்கூட்டியே கொண்டுவந்துவிட்டீர்கள் என்று மருத்துவர் சொன்னார். ஊசியும், வாயில் விடும் மருந்தும், புது விளக்கும் கொடுத்து மூன்று வாரத்தில் துடிப்பு நின்றது. வைட்டமின் டி மருந்தை நாமாகக் கூடுதலாகக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும் என்பதால் அளவை அவரே எழுதித் தந்து, இரண்டு முறை மறுபரிசோதனைக்கும் அழைத்தார்.

ஆசிரியர் அவர்களே, இந்த நிகழ்ச்சியை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று அந்த மருத்துவர் அறையில் ஒளிக்க எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. உரிமம் இருந்தது, வாங்கிய இடத்தின் பற்றுச்சீட்டு இருந்தது, தவறை ஒப்புக்கொள்ள ஒரு பிள்ளைக்கு அச்சமின்றி இருந்தது. இதே துடிப்பு ஈசூனிலோ தெம்பனிஸிலோ ஒரு படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்ட தொட்டியில் நிகழ்ந்தால் என்ன ஆகும்? அதை வளர்ப்பவர் மருத்துவரிடம் போகத் தயங்குவார். முதலில் இணையத்தில் தேடுவார், பிறகு விற்றவரிடம் செய்தி அனுப்புவார், விற்றவர் அதற்குள் குழுவை விட்டே மறைந்திருப்பார். நாள்கள் கழியும். விலங்கின் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். அந்த வீட்டில் அன்பு குறைவாக இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒளித்து வைத்திருக்கும் உயிருக்கு உதவி கேட்க முடியாது, உதவி கேட்க முடியாத இடத்தில் பராமரிப்பு என்பது பாதியிலேயே நின்றுவிடுகிறது. பையனிடம் நான் சொல்ல விரும்பியதன் சாரம் இதுதான்.

உணவைப் பற்றியும் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. குட்டியாக இருக்கும்போது அது பெரும்பாலும் பூச்சிகளையே உண்ணும். வளர்ந்த பின் கீரையும் காயுமே பெரும்பங்கு. உயிருள்ள சுவர்க்கோழிகளை வாங்கி, அவற்றுக்கும் நல்ல இலை தழை கொடுத்து, ஓணானுக்குக் கொடுக்கும் முன் சுண்ணாம்புச்சத்துத் தூளில் புரட்டிப் போட வேண்டும், ஏனெனில் பூச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்துக் குறைவு. பூச்சியின் அளவு ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. கீரை என்றால் எல்லாக் கீரையும் ஒன்று என்று நானும் நினைத்திருந்தேன். பசலைக்கீரையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அதை அடிக்கடி தரக் கூடாது, கடுகுக்கீரை நல்லது. அவகாடோ நஞ்சு. மின்மினிப்பூச்சி ஒன்றை விழுங்கினாலே அது செத்துப்போகும். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மிஞ்சிய சுவர்க்கோழிகளைப் பிடித்து வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையெனில் அவை இரவில் உறங்கும் ஓணானையே கடிக்கும். இது தினமும், விடுமுறையிலும், தேர்வுக் காலத்திலும், தீபாவளியன்றும் செய்ய வேண்டிய வேலை.

அதன் உச்சந்தலையில் செதில் போல ஒரு சிறு புள்ளி தெரியும். அதை மூன்றாவது கண் என்பார்கள். உருவத்தைக் காணாது, ஒளியையும் நிழலையும் மட்டும் உணரும். வானத்திலிருந்து பாயும் பருந்தின் நிழல் மேலே விழுந்தால் ஓடி ஒளிவதற்கு அது உதவுகிறது என்று கருதப்படுகிறது. ஆகவே மேலிருந்து கையை நீட்டித் தூக்குவது அதற்குப் பருந்து இறங்குவதற்குச் சமம். பக்கவாட்டில் மெல்ல அணுகி, மார்பின் அடியில் கை கொடுத்து, நான்கு கால்களும் தாங்கப்படும்படி எடுக்க வேண்டும். தாடி கறுத்து உப்பினால் அது அஞ்சுகிறது அல்லது சினம் கொண்டிருக்கிறது, விட்டுவிட வேண்டும். இரண்டை ஒரே தொட்டியில் வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருப்பதைக் கண்டு நாம் அதை நட்பு என்று எண்ணிவிடுகிறோம், ஆனால் மேலே இருப்பது கீழே இருப்பதற்குச் சூடும் கதிரும் கிடைக்காமல் தடுத்துக்கொண்டிருக்கக்கூடும். தனியாக வாழ்வதே அதன் இயல்பு. துணை இல்லையே என்று நாம் வருந்த வேண்டியதில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தாடி ஓணானுக்கு உகந்த ஈரப்பதம் 30 முதல் 40 விழுக்காடு. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். வறண்ட மண்ணுக்கென்று அமைந்த உடலை இத்தகைய காற்றில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் தோலில் பூஞ்சணமும் நுரையீரலில் தொற்றும் வருவதற்கு வாய்ப்பு அதிகம். குளிர்சாதனம் போட்டால் ஈரம் குறையும், ஆனால் அறையும் குளிர்ந்துவிடும். குளிரைச் சரிசெய்ய விளக்கின் சூட்டைக் கூட்டினால் தோல் சுடும். சூடான நாடு, ஆகையால் ஊர்வனவற்றுக்கு ஏற்ற நாடு என்று சொல்வது பாலைவனத்தையும் மழைக்காட்டையும் ஒன்றாக்கிப் பேசுவதாகும்.

வாங்கும் குட்டி எப்படி இங்கே வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியா தன் காட்டு விலங்குகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதை 1960களிலிருந்தே தடைசெய்து வந்திருக்கிறது. பிற நாடுகளில் இன்று வளர்க்கப்படும் தாடி ஓணான்கள், பழைய நாளில் வெளியே போனவற்றின் வழிவந்து அங்கேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. அத்தகைய நாடு எதிலிருந்தோ, அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று இங்கே வர வேண்டுமானால், பெட்டிக்குள்ளோ துணிக்குள்ளோ பொட்டலமாகத்தான் வர வேண்டும். சூடு இல்லை, நீர் இல்லை, நகர இடம் இல்லை. பிழைத்து வந்ததை மட்டுமே நாம் கைப்பேசிப் படத்தில் பார்க்கிறோம்.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டு குடைகிறதே என்று புலம்பியதாக நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. சிறுவயதில் கேட்டபோது ஓணான்தான் தொல்லை செய்கிறது என்று புரிந்துகொண்டேன். செம்பனோடு ஐந்து மாதம் இருந்த பிறகு, வேலியில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததன் பக்கமும் அதில் ஒரு வழக்கு இருக்கிறது என்று தோன்றுகிறது.

ஒருவேளை ஏற்கெனவே இத்தகைய விலங்கு ஒன்றை வீட்டில் வைத்திருப்பவர் இதைப் படிக்கக்கூடும். அவருக்கு ஒன்று சொல்கிறேன்: தயவுசெய்து பூங்காவிலோ புதரிலோ விட்டுவிடாதீர்கள். காட்டுயிரை அனுமதியின்றி வெளியில் விடுவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமாக, அது உங்கள் பிராணிக்கு நீங்கள் தரும் மரணம். பிழைத்துக்கொண்டால் பிற உயிர்களுக்குக் கேடு. இன்று நம் பூங்காக்களில் எங்கும் காணப்படும், இனச்சேர்க்கைக் காலத்தில் ஆணின் தலை சிவக்கும் ஓணான் இந்தத் தீவுக்கு உரியதன்று. 1980களில் வடக்கிலிருந்து வந்து பரவியது. அதற்கு முன்னர் தோட்டங்களில் சாதாரணமாகத் தென்பட்ட, கிளிப்பச்சை நிறமுள்ள நம் கொண்டை ஓணான் அதன் பிறகு பெரும்பாலும் காட்டுப்பகுதிக்குள் ஒதுங்கிவிட்டது. என் தலைமுறையினர் சிலருக்கு அந்தப் பச்சை ஓணான் இன்னும் நினைவிருக்கும். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் 2019 ஏப்ரல் முதல் இயங்கிவரும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவையோ, வனவிலங்கு மீட்பில் ஈடுபட்டுள்ள ஏக்கர்ஸ் அமைப்பையோ தொடர்புகொள்ளுங்கள். 2018ஆம் ஆண்டில், இங்கே சட்டவிரோதமாக வைக்கப்பட்டிருந்த 51 இந்திய நட்சத்திர ஆமைகள் ஏக்கர்ஸ் முயற்சியால் கர்நாடகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. ஒப்படைப்பது கைவிடுவதாகாது.

தாதியாக இருந்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா என்ற கிருமி இயல்பாகவே இருக்கக்கூடும். விலங்கு நல்ல உடல்நலத்தோடு தோன்றும். அதன் கழிவிலிருந்து கிருமி தோலுக்கும், தொட்டி நீருக்கும், நம் கைக்கும் வரும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோருக்கு அது கடுமையான வயிற்றுப்போக்கையும், சில வேளைகளில் இரத்தத் தொற்றையும் உண்டாக்கும். சிறு ஆமைகளால் பிள்ளைகளுக்கு நோய் பரவியதால், ஓட்டின் நீளம் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. தம்பி வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் நாங்கள் கண்டிப்பாக இருந்தோம்: செம்பனின் கிண்ணங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவியதில்லை, அதைத் தூக்கிய கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் குழந்தையைத் தொட்டதில்லை, அது அடுக்களைக்குள் வந்ததே இல்லை. முத்தம் கொடுப்பது போல் படமெடுத்துப் போடும் வழக்கம் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

இந்த எச்சரிக்கை நம் ஊரில் சட்டப்படி விற்கப்படும் சிவப்புக்காது ஆமைக்கும் அப்படியே பொருந்தும். அதைப் பற்றி எழுதாவிட்டால் இக்கடிதம் முழுமையாகாது, ஏனென்றால் தாடி ஓணான் கிடைக்காத பிள்ளைக்கு அடுத்தபடியாக வாங்கித் தரப்படுவது பெரும்பாலும் இந்த ஆமைதான். நாணய அளவில் அழகாக இருக்கிறது, விலை குறைவு, சிறிய பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அது 25 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். 20, 30 ஆண்டுகள் வாழும். இன்று 10 வயதில் அதை வாங்கும் பிள்ளை தேசிய சேவை முடித்து, வேலைக்குப் போய், மணம் முடித்துப் புது வீட்டுக்குச் செல்லும்போதும் அது உடனிருக்கும். செம்பனுக்குச் சொன்ன அத்தனையும் இதற்கும் வேண்டும்: ஏறி உடலை உலர்த்திக்கொள்ள ஒரு மேடை, அதன் மேல் சூட்டு விளக்கு, புற ஊதா விளக்கு, சுண்ணாம்புச்சத்து. அவற்றோடு நீந்துவதற்கு ஆழமான நீரும், அந்த நீரைத் தூய்மைப்படுத்தும் வடிகட்டியும் வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் ஒரு புட்டி உலர் இறாலும் போதாது. ஓடு மிருதுவாகி, கண் வீங்கி மூடிக்கொண்ட ஆமைகளை நான் என் அக்கம்பக்கத்தில் இரண்டு வீடுகளில் கண்டிருக்கிறேன். இரு வீட்டாரும் நல்லவர்கள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வளர்ந்து பெரிதானதும் குளத்திலோ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிடும் வழக்கமும் இருக்கிறது. உலகின் மிகக் கேடான நூறு ஊடுருவும் உயிரினங்கள் என்ற பட்டியலில் இடம்பெற்ற ஆமை இது.

தடையே தவறு, தகுந்த உரிமத்தோடு தாடி ஓணானை இங்கும் அனுமதிக்கலாம் என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் காற்றின் ஈரமும், வீடுகளின் இடநெருக்கடியும், வெளியில் விட்டுவிடும் வழக்கமும் அதற்கு இடம் தரவில்லை. ஆயினும் அவர்கள் வெளிப்படையாகக் கேட்கட்டும். 1989ஆம் ஆண்டு முதல் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி இருக்கவில்லை. பூனை நேசர்கள் பல்லாண்டு வாதாடினார்கள். பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டது. 2024 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து உரிமத்தோடு வளர்க்கலாம் என்றாயிற்று. விதி மாற வழி இருக்கும் ஊரில் கள்ளப் பொட்டலத்துக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. செல்லப்பிராணி வளர்ப்புப் பற்றிய தகவல்கள் ஆங்கிலத்தில் ஏராளம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் பிராணியின் மீது அன்றாடம் கண் வைத்திருப்பவர்கள் தாத்தா பாட்டிகளும் பணிப்பெண்களுமே; அவர்களில் தமிழ் மட்டுமே சரளமாகப் படிப்பவர்கள் பலர். விளக்கு எப்போது மாற்றப்பட வேண்டும், எந்த அறிகுறியைக் கண்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும், எந்த விலங்கை வாங்கவே கூடாது என்பனவற்றைக் கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொண்டு தமிழில், மாணவர் பக்கத்தில் ஒன்றும் பெரியவர்களுக்கு ஒன்றுமாக, எழுதி வெளியிட முடியுமா? பள்ளி விடுமுறை தொடங்கும் முன் வெளியிட்டால் பயன் அதிகம். பிள்ளைகள் பிராணி கேட்டு அடம்பிடிக்கும் காலம் அது.

அடுத்த வீட்டுப் பையன் அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டான் என்று அவன் தாயார் சொன்னார். சென்ற வாரம் தம்பி மகளோடு காணொளி அழைப்பில் பேச வைத்தேன். செம்பன் விளக்கின் கீழ் கல்லில் படுத்துக் கண்ணை மூடியிருந்தான். பையன் வெகுநேரம் பார்த்துவிட்டு, விளக்கை எப்போது மாற்றினார்கள் என்று அவளிடம் கேட்டான். அவள் நோட்டைத் திறந்து தேதியைப் படித்துக் காட்டினாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
ஈசூன், சிங்கப்பூர்